காமா கதிருக்கு எதிரே விரலி மஞ்சள்!

செவ்வாய்க்கிழமை நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டை ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள், கண் கூசும்! எங்கே திரும்பினாலும் மஞ்சள் மூட்டை. விரலி, உருண்டை, பனங்காளி எனத் தனித்தனியாக. வியாபாரி ஒரு விரலியை எடுத்துப் படக்கென்று ஒடிக்கிறார், உள்நிறத்தைப் பார்க்கிறார். அந்த நிறத்தைத் தருவது குர்குமின். நூறு கிராம் மஞ்சளில் சில கிராம்தான் தேறும். ஆனால் அது செய்கிற வேலை இருக்கிறதே!

அதைக் காண அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவோம், வாருங்கள். சீனிவாசன், ராஜேந்திர பிரசாத், வேணுகோபால் மேனன் ஆகியோரின் ஆய்வு 2006இல் வெளிவந்தது. மனித ரத்தத்தின் நிணநீர் அணுக்களில் ஒரு பகுதிக்கு முதலில் குர்குமின் கொடுத்தார்கள். பிறகு 1, 2, 4 கிரே அளவுகளில் காமா கதிரைப் பாய்ச்சினார்கள்.

கதிர் பட்டால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே உடைகிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் துணுக்கு, அருகில் எது இருந்தாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், டிஎன்ஏ அறுபடும். செல் பிரியும்போது, அறுந்த குரோமோசோம் துண்டு ஒதுங்கிக் குட்டிக் கருவாக நிற்கும். நுண்ணோக்கியில் அந்தக் குட்டிக் கருக்களை எண்ணுவதுதான் சோதனை. குர்குமின் பெற்ற செல்களில் அவை குறைந்திருந்தன!

சரி, கண்ணாடித் தட்டில் நடந்தது உடம்பில் நடக்குமா? குர்குமின் தண்ணீரில் கரையாது. வாய்வழி போனால் ரத்தத்தில் கொஞ்சமே சேரும். இங்கே மிளகு வருகிறது! 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால், உடல் ஏற்பது 2,000 சதவீதம் கூடுகிறது என்று பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998இல் காட்டியது. நாமக்கல்காரர்கள் மிளகு தேடி அலைய வேண்டாம், கொல்லிமலையிலேயே விளைகிறது.

அமெரிக்காவின் ரோசெஸ்டரில், கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 30 மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தினம் 6 கிராம் குர்குமினும், மற்றவர்களுக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். குர்குமின் பெற்றவர்களுக்குக் கதிரால் வரும் தோல் புண் தணிந்தது என 2013இல் அறிவித்தார்கள். பல நூறு பேரிடம் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆனாலும் ஆர்வம் வடியவில்லை; குர்குமினைச் செல்வரை கொண்டுசேர்க்கும் வழிகளைத் தேடும் வேலை சூடுபிடித்திருக்கிறது!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கதிர்வீச்சு சிகிச்சையில் இருப்பவர்கள் குர்குமின் போன்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைத் தாமாக விழுங்கக் கூடாது. அவை புற்றுச் செல்லுக்கும் காவலாகிவிடலாம். குழம்பு மஞ்சள் வழக்கம்போல இருக்கட்டும். மாத்திரையென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.