நாய்க்கும் பூனைக்கும் இன்ஷூரன்ஸ்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அச்சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகன் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். வீட்டில் வளர்க்கும் நாய்க்காக மாதந்தோறும் இன்ஷூரன்ஸ் பணம் கட்டி வருவதாக எழுதியிருந்தாராம். "கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்கிறோம், அது நியாயம். நாய் செத்தால் என்ன நஷ்டமென்று கம்பெனி பணம் கொடுக்கிறது, ஐயா?" என்றார். அங்கிருந்தோர் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று.

மாட்டு இன்ஷூரன்ஸ் நாம் அறிந்ததே. மாட்டின் சந்தை விலையை மதிப்பிட்டு, காதில் வில்லை பொருத்தி, அம்மதிப்பில் இத்தனை சதவீதமென்று பிரிமியம் செலுத்துகிறோம். மாடு இறந்தால் மதிப்புத் தொகை கிடைக்கிறது. (தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் அப்பிரிமியத்தில் உடையவர் செலுத்த வேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைக்க மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் முடிவு செய்தது. இதனை அறியாத அங்கத்தினர் இன்னும் பலர் உளர்.) நாய், பூனை இன்ஷூரன்ஸின் வழி வேறு. அங்கே பிராணியின் விலை முக்கியமன்று. அதன் வைத்தியச் செலவே முக்கியம். பிராணி உயிரோடிருக்கும்போதே பணம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இதன் அவசியம் அந்நாட்டு நிலைமையைப் பார்த்தால்தான் விளங்கும். பிரிட்டனில் 1948 முதல் மனிதருக்குச் சர்க்கார் வைத்தியம் பெரும்பாலும் இலவசம். பிராணிகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. நாயின் கால் முறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கான பவுன்களை எட்டுவதுண்டு. அத்தொகை கையில் இல்லாதவர், குணப்படுத்தக்கூடிய பிராணியைக்கூட ஊசி போட்டு உயிர்நீக்கச் சம்மதிக்க வேண்டிய நிலை வருகிறது. குழந்தைகளோடு வளர்ந்த பிராணிக்குப் பணமின்மையால் அந்த முடிவைக் கையெழுத்திட்டுக் கொடுப்பது எத்தகைய வேதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் செய்ய மரியா டிக்கின் என்னும் அம்மையார் 1917இல் லண்டனில் தொடங்கிய தரும ஸ்தாபனம் இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் தருமம் எல்லோரையும் எட்டிவிடாது.

நாய்க்கு இன்ஷூரன்ஸ் வழங்கும் பழக்கம் ஸ்வீடனில் 1924இல் தோன்றியது என்பர். பிரிட்டனுக்கு 1947இலும், அமெரிக்காவுக்கு 1982இலும் அது பரவிற்று. அமெரிக்காவில் முதல் பாலிசி டெலிவிஷனில் நடித்த லாஸி என்னும் நாய்க்கு வழங்கப்பட்டது. ஸ்வீடனில் இத்தொழிலில் முதன்மையாக விளங்கும் அக்ரியா, பாலிசிதாரர்களே உரிமையாளர்களாயுள்ள ஒரு பரஸ்பர இன்ஷூரன்ஸ் குழுவைச் சேர்ந்தது. கூட்டுறவுக்காரர்களாகிய நமக்கு இது வியப்பளிக்காது. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த பொது நிதி, இடர் நேர்ந்த சிலருக்கு உதவுவதே இன்ஷூரன்ஸ்.

இனிப் பாலிசியின் வகைகள். பிரிட்டனில் இவை நான்கு. விபத்துக்கு மட்டும் பணம் தருவது மிக மலிவானது. நோய்க்கு அதில் எதுவும் கிடையாது. இரண்டாவது, ஒவ்வொரு நோய்க்கும் 12 மாதம் வரை மட்டும் செலவைத் தருவது. மூன்றாவது, காலவரம்பின்றி, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மொத்தத் தொகை தீரும்வரை தருவது. நான்காவது ஆயுள்கால வகை. இதில் ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பித்து வந்தால் உச்சத் தொகையும் புதிதாகிறது. பழைய நோய்க்கும் தொடர்ந்து பணம் கிடைக்கிறது. பிரிமியமும் இதற்கே அதிகம்.

பலர் ஏமாறுவது இரண்டாவது வகையில்தான். நாய்க்கு நீரிழிவு கண்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆயுள் உள்ளவரை தினந்தோறும் இன்சுலின் வேண்டும். 12 மாதம் கம்பெனி கொடுக்கும். பதின்மூன்றாம் மாதம் கைவிரிக்கும். அப்போது வேறு கம்பெனிக்குப் போகலாமென்றால், "இந்நோய் எங்களிடம் வருமுன்னரே இருந்தது" என்று அது விலக்கிவிடும். ஆதலால் பிராணி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நோய் வந்தபின் தேர்வு நம் கையில் இல்லை.

அடுத்து, பில் முழுவதையும் கம்பெனி தருவதில்லை. முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையை உடையவரே ஏற்க வேண்டும். பிராணிக்கு வயதேறிய பின் மீதியிலும் ஒரு சதவீதத்தை அவர் தலையில் வைப்பது பல கம்பெனிகளின் வழக்கம். உதாரணமாக, பில் 2,000 பவுன். முதல் தொகை 100 பவுன். மீதியில் உடையவர் பங்கு 20 சதவீதம் எனக் கொள்வோம். மீதி 1,900இல் 20 சதவீதம் 380. ஆக உடையவர் தருவது 480 பவுன். கம்பெனி தருவது 1,520 பவுன்.

பிரிமியம் இனம், வயது, வசிக்கும் ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. மூச்சுத் திணறலுக்கு உள்ளாகும் சப்பை மூக்கு நாய்களுக்கு அதிகம். கலப்பின நாய்க்குப் பெரும்பாலும் குறைவு. பூனைக்கு இன்னும் குறைவு. தடுப்பூசி, கருத்தடை, உண்ணி மருந்து முதலியவை பொதுவாகச் சேரா. பாலிசி எடுத்த முதல் இரண்டு வாரங்களில் தோன்றும் நோயையும் பலர் ஏற்பதில்லை. நாய் பிறரைக் கடித்தால் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கும் பல பாலிசிகளில் இடமுண்டு. பூனைக்கு அது வழக்கமில்லை. தன் மனம்போல் திரியும் பிராணியென்று பூனையைச் சட்டமே விட்டுவிட்டது போலும்!

ஒன்றை மறைக்கலாகாது. பிறர் பணம் தருகிறார்கள் என்றால் பில் வளரும். பிரிட்டனில் 2013இல் பிராணி வைத்திய நிலையங்களில் சுமார் 10 சதவீதமே பெரிய குழுமங்களிடம் இருந்தன. 2024இல் அது 60 சதவீதத்தை நெருங்கிவிட்டதென்று அந்நாட்டின் போட்டிச் சந்தை ஆணையம் தெரிவித்தது. கட்டணங்களைக் குறித்து அவ்வாண்டு மே மாதம் முறையான விசாரணையையும் அது தொடங்கியது. இன்ஷூரன்ஸ் மட்டுமே இதற்குக் காரணமென்று நாம் கூறோம். எனினும் பில்லைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் அங்கும் வேண்டும், இங்கும் வேண்டும்.

நம் நாட்டிலும் சில பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நாய்க்குப் பாலிசி வழங்குகின்றன. தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்போர், வைத்தியச் செலவும் அதில் அடக்கமா, மரணத்துக்கு மட்டும்தானா என்று முதலில் கேட்டறிதல் நலம். வெறிநோய்த் தடுப்பூசி போடுவதற்கோ எந்தப் பாலிசியும் தேவையில்லை.

இவற்றையெல்லாம் அப்பெரியவரிடம் விளக்கி, மகனுடைய பாலிசி எந்த வகையென்று விசாரிக்கச் சொன்னோம். இரண்டாம் வகை என்று பதில் வந்திருக்கிறது. நாய்க்கு வயது மூன்று. இதுவரை ஒரு நோயும் இல்லையாம். அடுத்த புதுப்பிப்பின்போது ஆயுள்கால வகைக்கு மாறுவதாக மகன் எழுதியுள்ளார்.