முனையத் திரையில் வர்ணம்

லினக்ஸ் கணினியைத் தட்டெழுத்துக் கட்டளைகளால் இயக்குவோர், முனையம் எனப்படும் திரையில் ஓயாது ஓடும் ஒரேநிற எழுத்துக்களையே பெரும்பாலும் காண்கின்றனர். கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைக் கண்காணிப்பவருக்கு அவற்றுள் ஆயிரம் வரிகள் பயனற்றவையாயிருக்கலாம். ஆயிரத்தோராவது வரி வன்தட்டின் பழுதை அறிவிக்கலாம். அவ்வரி கண்ணுக்குத் தப்பாதிருக்க வர்ணம் துணைபுரிகிறது.

இப்பணிக்கென அமைந்த சிறு சாதனங்களுள் ஜி.ஆர்.சி. ஒன்று. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ஜி.ஆர்.சி.’ என்ற கட்டளையால் அதனை நிறுவலாம். அதன்பின் வழக்கமான கட்டளைக்கு முன்னே அம்மூன்றெழுத்தைச் சேர்த்தாற் போதும். ‘பிங்’ கட்டளை தரும் விடையில் முகவரியும், செய்தி சென்று மீண்ட நேரமும் தனித்தனி நிறம் பெறும்.

எனினும் இச்சாதனம் பொருளுணர்ந்து வர்ணந் தீட்டுவதன்று. இன்ன எழுத்துக்கோலத்துக்கு இன்ன நிறம் என விதிக்கோப்பு கூறுவதையே அது செய்கிறது. ‘எரர்’ என்ற சொல்லுக்குச் சிவப்பை விதித்தால், ‘எரர் எதுவுமில்லை’ என்னும் நற்செய்தியிலும் அச்சொல் சிவந்தே தோன்றும்! ஆதலால் விதிகளைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி எழுதிக்கொள்வதே விவேகம்.

வர்ணம் என்பதும் உண்மையில் எழுத்துக்களிடையே செருகப்படும் கட்டளையே. 27ஆம் எண்ணுக்குரிய ‘எஸ்கேப்’ குறியுடன் தொடங்கும் தொடரில் 31 வந்தால் எழுத்து சிவப்பாகும். 0 வந்தால் பழைய நிலைக்கு மீளும். இத்தகைய குறிகளை வகுத்த ஈ.சி.எம்.ஏ. 48 என்னும் தராதரத்தின் முதற்பதிப்பு 1976ஆம் ஆண்டில் வெளிவந்தது. வர்ணமிட்ட வெளியீட்டைக் கோப்பிற் சேமித்தால் இக்குறிகளும் அதனுட் புகுந்துவிடும். சொற்றொடரின் நடுவே குறி நின்றால், பின்னர் அத்தொடரைத் தேடுபவருக்கு அது அகப்படாது. பழுது நேர்ந்த நாளை ஆராய்பவருக்கு இது சிறு இடையூறன்று. ‘கலர்’ என்ற தெரிவை ‘ஓட்டோ’ என அமைத்தால், வெளியீடு முனையத்துக்குச் செல்லும்போது மட்டுமே நிறம் சேரும்.

மற்றொன்றும் கவனிக்கற்பாலது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிதல் கடினம். பலர் நோக்கும் திரையில் அபாயத்தைச் சிவப்பு ஒன்றினால் மாத்திரம் உணர்த்துவது தகாது. ஜி.ஆர்.சி.யின் விதியில் நிறத்தோடு தடித்த எழுத்தையோ அடிக்கோட்டையோ சேர்க்கவும் இடமுண்டு.