சித்திரை மாதப் பிறப்பு அன்று பூமியை நெருங்கும் ராட்சதக் கல்!

மோதுமா? மோதாது!
அமாவாசை இருட்டில் ஏற்காடு மலையில் இருந்து பார்க்கலாம்

ஏற்காடு,

2029-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. வெள்ளிக்கிழமை. அமாவாசை. மறுநாள் பொழுது விடிந்தால் சித்திரை முதல் நாள், தமிழ்ப் புத்தாண்டு.

அந்த ராத்திரியில் வானத்தில் ஒரு விருந்தாளி வரப்போகிறான். சுமார் 340 மீட்டர் அகலம் உள்ள ராட்சதக் கல் ஒன்று, பூமிக்கு மேலே 32 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில் பாய்ந்து போகப்போகிறது.

"இது மோதினால் என்ன ஆகும்? நம்ம ஊர் தப்புமா?" என்று டீக்கடை பெஞ்சுகளில் இப்போதே பேச்சு கிளம்பி விடும். நாள் நெருங்க நெருங்க வதந்தியும் பெருகும். ஆகவே உண்மை விவரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாம்பின் பெயர்

கல்லின் பெயர் "அபோபிஸ்". 2004-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிட் பீக் மலையில் இருந்து ராய் டக்கர், டேவிட் தோலன், பேப்ரிசியோ பெர்னார்டி ஆகிய 3 விஞ்ஞானிகள் டெலஸ்கோப் மூலம் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பண்டைய எகிப்து நாட்டுக் கதைகளில் சூரியனை விழுங்க வரும் பாம்பு ஒன்று உண்டு. அந்தப் பாம்பின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். நம் ஊர் ராகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

32 ஆயிரம் கிலோ மீட்டர் என்றால் ரொம்ப தூரம் போலத் தோன்றும். ஆனால் ஆகாயக் கணக்கில் அது வாசற்படி.

சந்திரன் இருப்பது 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோ மீட்டர் தூரத்தில். நம் வீட்டு டி.வி.க்குப் படம் அனுப்பும் சாட்டிலைட்டுகள் சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இந்தக் கல் அந்த சாட்டிலைட்டுகளுக்கும் உள்பக்கமாக நுழைந்து போகிறது!

இவ்வளவு பெரிய கல் இவ்வளவு கிட்டத்தில் வருவது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

வால் நட்சத்திரமா?

இல்லை. வால் நட்சத்திரம் என்பது பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த உருண்டை. சூரியன் பக்கம் வரும்போது சூடு பட்டு ஆவி கிளம்பும். அதுதான் வால். அபோபிசுக்கு வால் கிடையாது. அது வெறும் பாறை. ஓடும் நட்சத்திரம் போல ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

உண்மையான வால் நட்சத்திரம் எதுவும் இவ்வளவு பக்கத்தில் வந்ததாகக் கணக்கு இல்லை. 1770-ம் ஆண்டு "லெக்செல்" என்ற வால் நட்சத்திரம் சுமார் 22 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் போனது. அதுதான் நெருங்கி வந்ததில் பேர்போனது. 1996-ல் ராத்திரி வானத்தை அழகு செய்த "யாகுடாகே" ஒன்றரைக் கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் நின்றது.

1986-ல் வந்த "ஹாலி" இன்னும் தூரம். ஏப்ரல் 11-ந் தேதி அது நமக்கு ரொம்பக் கிட்டே வந்தபோதே 6 கோடியே 30 லட்சம் கிலோ மீட்டர்! ஆசையாகப் பார்க்கக் காத்திருந்தவர்கள் பலருக்கு அது ஏமாற்றமாகப் போனதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் அந்த ஆண்டு நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை சேர்ந்தது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டம் உள்ள பெரிய டெலஸ்கோப்பை, 1986 ஜனவரி 6-ந் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ்காந்தி திறந்து வைத்தார். அதற்கு வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அவர் 1949-ல் அமெரிக்காவில் படிக்கும்போதே ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். காவலூரைத் தேடிப் பிடித்து அங்கே வான ஆராய்ச்சி நிலையம் அமைத்தவரும் அவரே. தன் கனவு டெலஸ்கோப்பைப் பார்க்காமலேயே 1982-ல் காலமாகி விட்டார்.

ராஜாவுக்கு ஆகாது!

"வால் நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது" என்பது பழைய பேச்சு. புறநானூற்றிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பங்குனி மாத ராத்திரி ஒன்றில் நட்சத்திரம் எரிந்து விழுந்ததைப் பார்த்துப் பயந்ததையும், ஏழாம் நாள் சேர அரசன் இறந்துபோனதையும் கூடலூர் கிழார் என்ற புலவர் பாடி வைத்திருக்கிறார்.

1910-ல் ஹாலி வந்தபோதும் அப்படியே. அந்த ஆண்டு மே 6-ந் தேதி, நம்மை ஆண்ட மன்னர் ஏழாம் எட்வர்டு இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பூமி அந்த வால் நட்சத்திரத்தின் வாலுக்குள்ளே புகுந்து வெளியே வரப்போகிறது என்று செய்தி வந்தது. வாலில் விஷ வாயு இருப்பதாகவும் சொன்னார்கள். உலகமே கிடுகிடுத்தது.

அமெரிக்காவில் சில ஆசாமிகள் "வால் நட்சத்திர மாத்திரை" என்று போலி மாத்திரை விற்றுக் காசு பார்த்தார்கள். பூமி புகுந்தது, வெளியே வந்தது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

சுனாமிக்கு மறுநாள்

அபோபிஸ் கதையில் ஒரு திகில் கட்டமும் உண்டு.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை ஆயிரக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போனது. மறுநாள் 27-ந் தேதி, நம் கடற்கரையில் பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், விஞ்ஞானிகளின் கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொன்னது.

"2029-ல் அபோபிஸ் பூமி மீது மோத 37-க்கு 1 வாய்ப்பு" என்பதே அந்தக் கணக்கு!

விண்கல் அபாயத்தை அளக்க 10 வரை எண் போட்ட அளவுகோல் ஒன்று உண்டு. அதில் அபோபிஸ் 4-ஐத் தொட்டது. வேறு எந்தக் கல்லும் அந்த எண்ணை எட்டியது இல்லை.

ஆனால் அன்றைக்கே திகில் தீர்ந்தது. 2004 மார்ச் மாதம் எடுத்த பழைய போட்டோக்களைத் தேடிப் பார்த்தபோது, யாரும் கவனிக்காமல் விட்ட இடத்தில் இந்தக் கல் பதிவாகி இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டதும் 2029 மோதல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

2021 மார்ச்சில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் மூலம் மறுபடி அளந்தார்கள். "இன்னும் குறைந்தது 100 ஆண்டுகளுக்கு இந்தக் கல்லால் ஆபத்து இல்லை" என்று முடிவு சொன்னார்கள்.

"முதலில் மோதும் என்றார்கள், இப்போது மோதாது என்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். கல்லை முதலில் பார்க்கும்போது அதன் பாதை சரியாகத் தெரியாது. பார்க்கப் பார்க்கத்தான் பாதை தெளிவாகும். 2024 டிசம்பரில் கண்டுபிடித்த இன்னொரு கல்லுக்கும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் "மோத 100-க்கு 3 வாய்ப்பு" என்று பரபரப்பு கிளம்பியது. அந்த மாதம் முடிவதற்குள் பூமிக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிட்டது.

பீதியும் போலீசும்

ஆகாயத்தில் இருந்து ஏதோ விழப்போகிறது என்று நாம் நடுங்கியது 1979-ல். அமெரிக்காவின் "ஸ்கைலாப்" விண்வெளி நிலையம் எங்கே விழுமோ என்று நாடே பயந்தது. கடைசியில் ஜூலை மாதம் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. "எங்கள் ஊரில் குப்பை போட்டாய்" என்று அங்கே உள்ள எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதுதான் மிச்சம்!

2016 பிப்ரவரி 6-ந் தேதி நாட்டறம்பள்ளி அருகே நடந்தது வேறு மாதிரி. அங்கே ஒரு தனியார் என்ஜினீயரிங் கல்லூரி வளாகத்தில் பயங்கரச் சத்தம் கேட்டது. தரையில் பள்ளம் விழுந்தது. பஸ் டிரைவர் ஒருவர் பரிதாபமாக இறந்தார்.

விண்கல் விழுந்ததே காரணம் என்று அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.1 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆனால் நாசா நிபுணர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது" என்று கையை விரித்து விட்டார்கள். விண்கல் விழுந்து ஆள் சாவது அவ்வளவு அபூர்வம்.

அதற்காக அலட்சியமும் கூடாது. 2013 பிப்ரவரி 15-ந் தேதி ரஷியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே 20 மீட்டர் அகலக் கல் ஒன்று வானத்திலேயே வெடித்தது. சுமார் 1,500 பேர் காயம் அடைந்தார்கள். கல் பட்டு அல்ல. வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னல் ஓரம் ஓடி வந்தவர்கள் மீது கண்ணாடி உடைந்து விழுந்ததால்! அந்தக் கல் வருவது முன்கூட்டி யாருக்கும் தெரியவில்லை. நாம் பயப்பட வேண்டியது இப்படிப்பட்ட, தெரியாத கல்லுக்குத்தான்.

அதற்கும் வழி தேடுகிறார்கள். 2022 செப்டம்பர் 26-ந் தேதி நாசா "டார்ட்" என்ற விண்கலத்தை வேண்டும் என்றே ஒரு சின்னக் கல் மீது மோத விட்டது. அந்தக் கல் தன் பெரிய கல்லைச் சுற்றும் நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. கல்லைத் தள்ளிவிட மனிதனால் முடியும் என்று நிரூபணம் ஆனது. அபோபிசைப் பின்தொடர்ந்து போய் ஆராயவும் நாசாவின் விண்கலம் ஒன்று தயாராக இருக்கிறது.

ஏற்காட்டில் பார்க்கலாமா?

அபோபிஸ் ரொம்பக் கிட்டே வரும் நேரம், நம் கடிகாரப்படி 14-ந் தேதி விடியற்காலை சுமார் 3-15 மணி. அப்போது அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியக்காரர்களுக்குத்தான் முதல் வரிசை டிக்கெட். நமக்கு அந்த நேரம் அது மறைந்துவிடும்.

அதனால் "3 மணிக்கு எழுந்தால் போதும்" என்று அலாரம் வைத்துவிட்டுத் தூங்கினால் ஏமாந்து போவீர்கள். கல் ஆஸ்திரேலியா பக்கம் இருந்து புறப்பட்டு, இந்தியப் பெருங்கடலைத் தாண்டித்தான் ஆப்பிரிக்கா பக்கம் போகிறது. நாம் முன்ராத்திரியிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். தெற்கு வானத்தில் இருந்து மேற்கு நோக்கி ஒரு புள்ளி நகரும். நம்மிடம் இருக்கும்போது அது மங்கலாகத்தான் இருக்கும். பைனாகுலர் கொண்டு போவது நல்லது. நட்சத்திரங்களுக்கு நடுவே எது இடம் மாறுகிறதோ அதுதான் அபோபிஸ்.

அமாவாசை என்பதால் நிலா தொந்தரவு இல்லை. தொந்தரவு கரண்ட் விளக்குதான். சேலத்தில் நின்றால் மெர்க்குரி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மலை மேலே போனாலும், லேடீஸ் சீட் பக்கம் நின்றால் தெற்கே சேலம் நகரமே ஜொலிக்கும். ஏற்காடு டவுனை விட்டுத் தள்ளி, செம்மநத்தம் மாதிரி காப்பித் தோட்டத்துக் கிராமங்களுக்குப் போனால் இருட்டு கிடைக்கும். ஏப்ரல் மாதம் கோடை மழை வரும் காலம். மேகம் மூடாமல் இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

ஐக்கிய நாடுகள் சபை 2029-ஐ விண்கல் விழிப்புணர்வு ஆண்டாக அறிவித்து இருக்கிறது. நம் அதிகாரிகளும் கொஞ்சம் விழித்துக்கொண்டால் தேவலை.

புத்தாண்டு விடுமுறையும் இதுவும் சேர்ந்து வருவதால் மலைக்குக் கூட்டம் அள்ளும். சேலத்தில் இருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி நேரம். வானத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டும் ஆட்களும் இருப்பார்கள். வளைவுகளில் போலீசாரை நிறுத்த வேண்டும். பாறை விளிம்பு உள்ள இடங்களில் தடுப்புக் கட்ட வேண்டும். திரும்பி வர ஸ்பெஷல் பஸ் விட வேண்டும். சில மணி நேரம் தெருவிளக்குகளை அணைத்து வைத்தால் மலைக்கிராமத்துப் பிள்ளைகளும் வாசலில் நின்றே பார்க்கலாம்.

வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மலை ஏறுகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. எல்லாரும் வானத்தைப் பார்க்கும் ராத்திரியில் பூட்டைப் பார்க்கிறவனும் ஒருவன் இருப்பான்.

பரிகாரம், தகடு, மாத்திரை என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். அன்று விடியும்போது பிறக்கும் தமிழ் ஆண்டின் பெயர் "சௌமிய". சாந்தமானது என்று அர்த்தம்.

ஹாலி வால் நட்சத்திரம் மறுபடி வருவது 2061 ஜூலையில். அதுவரை காத்திருக்க முடியாத பெரியவர்களை 2029-ல் கைப்பிடித்து மேலே கூட்டிப்போங்கள். ஸ்வெட்டரும் டார்ச் லைட்டும் மறக்க வேண்டாம்.