அபராதம் கருவூலத்துக்கு, இழப்பு உங்களுக்கு

2007இல் தூத்துக்குடி வங்கிக் கிளை ஒன்றில் கணக்கு வைத்திருந்த வெளிநாடுவாழ் தமிழர் ஒருவர், வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி 6 லட்சம் ரூபாய்க்கு மேல் பறிகொடுத்தார். வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்று வங்கி கைவிரித்தது. அவர் விடவில்லை, தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் வழக்காடினார். 12.85 லட்சம் ரூபாயை வங்கி தர வேண்டும் என்று 2010 ஏப்ரலில் உத்தரவானது.

ஒரு துறைச் செயலாளரிடம் இப்படி முறையிடலாம் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கடவுச்சொல், மருத்துவ விவரம் போன்றவற்றை அலட்சியமாக வைத்திருந்து இழப்பு உண்டாக்கும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 43ஏ பிரிவு.

அந்தப் பிரிவுக்கு இப்போது நாள் குறித்தாகிவிட்டது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்போது 43ஏ நீங்கிவிடும். புதிய சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். தகவலைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசாகூடக் கிடையாது. 2019 மசோதாவில் இழப்பீட்டுக்கு வழி இருந்தது. அதைக் கைவிட்டது பெரும் அநீதி.

புதிய சட்டத்தில் நன்மையும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ ஆவணங்கள் 2024இல் டெலிகிராமில் உலவின. அவற்றைப் பரப்புவதற்கு எதிராக நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. இத்தகைய கசிவுகளை மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022லேயே வந்துவிட்டது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும். அச்சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் விரிவான அறிக்கை தர வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். நிறுவனம் புகாரை 90 நாளுக்குள் தீர்க்காவிட்டால் வாரியத்தை அணுகலாம்.

இணைய மோசடியில் பணம் பறிபோனால் முதலில் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் முடக்க, தொடக்க மணித்துளிகள்தான் உதவும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு விவரம், புகார் எண் எதையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் அலட்சியத்தால் இழப்பு நேர்ந்திருந்தால், 43ஏ உயிரோடு இருக்கும்போதே துறைச் செயலாளரிடம் மனுப் போடுவது நல்லது. சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் நீதிமன்றம் செல்லும் வழி 2027க்குப் பிறகும் இருக்கும்.