லாரி திரும்பும்போது நேரும் விபத்தும் நஷ்டஈட்டு வழக்கும்



தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்லும் சாலையை நம்பித்தான் நம் பள்ளத்தாக்கின் வியாபாரம் நடக்கிறது. வாழைத்தாரும் திராட்சையும் தேங்காயும் வெளியே போவதும், பருப்பும் எண்ணெயும் உள்ளே வருவதும் லாரியில்தான். அந்த லாரி மெயின் ரோட்டிலிருந்து மண்டித் தெருவுக்குத் திரும்பும் நேரம் ஆபத்தானது. திரும்புகையில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். இடப்பக்கம் ஒட்டி வரும் இருசக்கர வண்டிக்காரர் ஓட்டுநரின் கண்ணில் படாமலே அதில் சிக்கிவிடுவார். அடிபடுகிறவரும் நம்மவராக இருக்கலாம். லாரி உரிமையாளரும் நம்மவராக இருக்கலாம். ஆகவே இரு தரப்பாருக்கும் வேண்டிய விவரங்களைத் தருகிறேன்.

1. எங்கே கேட்பது?

1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது வழக்கம். விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்ய வேண்டுமென்பதில்லை. குமுளிக்கு அப்பால் கேரளத்தில் அடிபட்ட கம்பம் வியாபாரி, தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் நம் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். விபத்து நடந்து 6 மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனமல்ல.

2. தவறு யாருடையது?

திரும்புகிற வண்டி முன்கூட்டியே சிக்னல் போட வேண்டும். மற்ற வண்டிகளுக்கு இடையூறில்லாமல் திரும்ப வேண்டும். அதற்காக மோதியவர் மீது தவறே இல்லையென்று ஆகிவிடாது. 2017-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தைப் பாருங்கள். முன்னே சென்ற கார் திடீரென்று பிரேக் போட்டது. பின்னால் பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னே வந்த பஸ் ஏறிக் காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மீது 50, பஸ் ஓட்டுநர் மீது 30, போதிய இடைவெளி விடாத மாணவர் மீது 20 சதவீதம் என்று தவறைப் பங்கிட்டது. மாணவரின் பங்கு நஷ்டஈட்டில் கழிக்கப்பட்டது. ஆகவே விபத்து நடந்த இடத்தின் போட்டோ, முதல் தகவல் அறிக்கை, வரைபடம், நேரில் பார்த்தவர் சாட்சியம் எல்லாம் பணத்திற்குச் சமம்.

3. தொகை எப்படிக் கணக்கிடப்படும்?

மாதம் ரூ.20,000 சம்பாதிக்கும் 42 வயது மளிகைக்கடைக்காரருக்கு, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருட வருமானம் ரூ.2,40,000. வருங்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்டினால் ரூ.3,00,000. அதில் 30 சதவீதம் ரூ.90,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 14. ஆக ரூ.12,60,000. மருத்துவச் செலவு, வலிவேதனை, உதவியாள் செலவு ஆகியவை தனி. அவர் மீது 20 சதவீதம் தவறு என்றால் மொத்தத்தில் அவ்வளவு குறையும்.

டாக்டர் தரும் ஊனச் சதவீதம் வேறு. தொழில் பாதிப்பு வேறு. மூட்டை தூக்கி இறக்க வேண்டியவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் கால் ஊனம் ஒன்றல்ல. கால் துண்டிக்கப்பட்ட கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு, வருமான ஆதாரம் இல்லாதபோதும் மாதம் ரூ.6,500 வருமானம் என்றும், 85 சதவீதப் பாதிப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. ஆயினும் வரவுசெலவு நோட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு இருந்தால் வழக்குக்கு வலுக் கூடும்.

தவறை நிரூபிக்காமலே கொடுங்காயத்திற்கு ரூ.2.5 லட்சம், உயிரிழப்பிற்கு ரூ.5 லட்சம் தர 164-ஆம் பிரிவு வகை செய்கிறது. அதை ஒப்புக்கொண்டு பெற்றுவிட்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு அற்றுப்போகும். யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

4. வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

பாலிசி இருக்கிறது என்று அசட்டையாக இருக்கலாகாது. முறையான லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவாகலாம். வண்டியை விற்றும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விட்டால், பதிவில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கோடு வரும் சரக்கு உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் 1994-ஆம் வருடத் திருத்தத்தால் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. வழியில் கைகாட்டி ஏறும் பயணிக்கு அது கிடையாது.

வழக்கை லோக் அதாலத்தில் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் மீது அப்பீல் இல்லை. தீர்ப்பாயத்தின் தீர்ப்பை எதிர்த்து 90 நாளில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சட்டப்படி ஓட்டுநரின் கடமை. நஷ்டஈடு எத்தனை லட்சம் வந்தாலும் போன கால் திரும்பி வராது. ஆகவே சரக்கு வண்டி கடைத்தெருவில் திரும்பும்போது கிளீனர் ஒருவர் இறங்கி நின்று சைகை காட்டும் பழக்கத்தை நம் வணிகர்கள் அனைவரும் கட்டாயமாக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.