ஒரு ரூபாய்க்கு அழுத்திய பின் நம்பர்

இணைய வணிகத் தளங்கள் தங்கள் திரைகளைத் தாங்களே சோதித்து, ஏமாற்று உத்திகளைக் களைய வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூன் 5 அன்று மூன்று மாத அவகாசம் கொடுத்தது. விடைத்தாளை எழுதியவரே திருத்தும் ஏற்பாட்டை ஆணையம் 'தற்சோதனை' என்கிறது. அந்தக் கெடு முடிந்துவிட்டது; பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: சந்தா கட்டிய செயலியை நீக்கிய பிறகும் பணம் போவது எப்படி?

பணம் போகும் வழி செயலியில் இல்லை, வங்கியில் இருக்கிறது. சோதனைக் காலத்துக்கு ஒரு ரூபாய் என்கிறார்கள். பின் நம்பரை அழுத்துகிறோம். அதே திரையில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கொரு முறை, எந்தத் தேதி வரை என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். வங்கியின் பார்வையில் நாம் ஒப்புக்கொண்டது அவ்வளவுக்கும். பிறகு, பொதுவான சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ரூ.15,000 வரை பின் நம்பர் கேட்காமலே எடுக்கலாம்.

2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. அதில் ஒன்று சந்தாப் பொறி: ரத்து செய்யும் வழியை ஒளிப்பதும், இலவசச் சந்தாவுக்கே பணம் செலுத்தும் விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பதும் கூடாது. என்னை உறுத்துவது இந்த 'இலவச' என்ற சொல்தான். ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் இது இலவசமே இல்லை என்று வாதிட நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெரும்பாலும் ஆங்கிலத்தில், பத்து விளம்பரச் செய்திகளுக்கு நடுவே வருகிறது. பாதுகாப்பு முழுவதையும் அந்த ஒரு குறுஞ்செய்தியின் தலையில் கட்டியது நியாயமில்லை.

நம்மூர் சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக் தானாக ரீசார்ஜ் ஆகும்போதும் முன்தகவல் வருமா? வராது, அதற்கு 2024-இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

நிறுத்துவது எங்கே? யுபிஐ செயலியின் 'ஆட்டோபே' பகுதியில். கார்டு என்றால் அந்த வங்கியில்.

போன பணத்துக்கு? முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதிலும் தீராவிட்டால்? நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.