தொலைத்தொடர்பு நிறுவனங்களின் செயற்கை நுண்ணறிவு மேகச் சேவைகள்

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் செயற்கை நுண்ணறிவு மேகச் சேவைகள் என்பவை, தொலைபேசி, இணைய இணைப்புகளை வழங்கும் நிறுவனங்கள் தம் தரவு மையங்களில் உள்ள கணினி ஆற்றலையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களையும் இணையத்தின் வழியே பிறருக்கு வாடகைக்கு அளிக்கும் சேவைகளாகும். இந்தியாவில் டாட்டா கம்யூனிகேசன்சு, ஜியோ, ஏர்டெல் ஆகியவை இத்துறையில் இறங்கியுள்ளன. ஒளியிழை வடம், தரவு மையம், கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஆகியவை இந்நிறுவனங்களிடம் ஏற்கெனவே உள்ளன. ஆயினும் விலை உயர்ந்த கணினிகளை இடைவிடாது வேலையில் வைத்திருக்கும் அளவுக்குப் பயனுள்ள சேவைகளை உருவாக்க முடியுமா என்பதே இவ்வாய்ப்பின் வெற்றியை முடிவு செய்யும்.

அடிப்படைக் கருத்துகள்

மேகக் கணிமை என்பது கணினியைச் சொந்தமாக வாங்காமல், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பயன்படுத்தும் முறையாகும். விழுப்புரம் மாவட்ட உழவர்கள் நெல் அறுவடை இயந்திரத்தை விலை கொடுத்து வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வயலில் இறக்குகின்றனர். மேகக் கணிமையும் இதைப் போன்றதே. வேறுபாடு ஒன்றுதான்: இயந்திரம் வயலுக்கு வருவதில்லை, வேலை வடத்தின் வழியே இயந்திரத்துக்குச் செல்கிறது.

செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கு வரைகலைச் செயலிகள் (ஜிபியு) தேவைப்படுகின்றன. கணினி விளையாட்டுகளின் படங்களை வரைவதற்காக உருவாக்கப்பட்ட இச்செயலிகள், ஒரே வகையான பல்லாயிரம் கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யக்கூடியவை. இவற்றின் பணி இரு வகைப்படும்.

பயிற்றுவித்தல்: பெருமளவு தரவைக் கொடுத்து ஒரு மாதிரியை உருவாக்குதல். இதற்கு ஆயிரக்கணக்கான செயலிகள் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ இயங்க வேண்டும்.

விடை தருதல்: உருவாக்கப்பட்ட மாதிரி, பயனரின் ஒவ்வொரு கேள்விக்கும் விடை அளித்தல். ஒரு கேள்விக்கான ஆற்றல் சிறிது. கேள்விகளின் எண்ணிக்கையோ மிகப் பெரிது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு நீண்டகால வாய்ப்பு பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே உள்ளது. பயிற்றுவித்தலை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் எந்த நாட்டிலும் செய்யலாம். விடை தரும் பணி மக்கள் இருக்கும் இடத்தைச் சார்ந்து வளர்கிறது.

வாய்ப்பின் காரணங்கள்

அலைக்கற்றைக்கும் கோபுரங்களுக்கும் தொடர்ந்து பெருந்தொகை செலவிட்டாலும், இணைப்பை மட்டும் விற்பதால் கிடைக்கும் வருவாய் அதே வேகத்தில் உயர்வதில்லை. அதனால் இந்நிறுவனங்கள் புதிய வருவாய் வழிகளைத் தேடுகின்றன. அவற்றுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் காரணங்களில் மூன்று முதன்மையானவை.

முதலாவது, உட்கட்டமைப்பு. தரவு மையங்கள், மின் இணைப்பு, கடலடி வடங்கள், நகரங்களை இணைக்கும் ஒளியிழைகள் ஆகியவை இவற்றிடம் முன்னரே உள்ளன.

இரண்டாவது, தரவின் இருப்பிடம். பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. இச்சட்டம் தரவு வெளிநாடு செல்வதை முற்றிலும் தடுக்கவில்லை. எனினும், குறிப்பிட்ட நாடுகளுக்குத் தரவை அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளிக்கிறது. எனவே வங்கிகள், மருத்துவமனைகள், அரசுத் துறைகள் ஆகியவை உள்நாட்டு மேகச் சேவையை நாடும் சூழல் உருவாகியுள்ளது.

மூன்றாவது, தொலைவு. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்று திரும்ப 1.6 மில்லிநொடி போதும். 1,300 கி.மீ. தொலைவுக்கு இது 13 மில்லிநொடியாகவும், 13,000 கி.மீ. தொலைவுக்கு 130 மில்லிநொடியாகவும் உயரும். வடம் வளைந்து செல்வதாலும் இடைக் கருவிகளாலும் நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். ஆனால் எழுத்து வடிவக் கேள்விக்கு மாதிரி விடை தரவே ஒரு நொடி அல்லது அதற்கு மேல் ஆகிறது. ஆகவே எழுத்துச் சேவைகளில் இந்த வேறுபாடு பயனருக்குத் தெரியாது. பேச்சு உரையாடல், தொழிற்சாலைக் கண்காணிப்பு போன்றவற்றில் மட்டுமே அருகிலுள்ள தரவு மையம் உண்மையான பயன் தரும்.

முந்தைய மேகக் கணிமை அனுபவம்

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மேகக் கணிமையில் இறங்குவது இது முதல் முறையன்று. அமேசான் நிறுவனம் 2006இல் தன் மேகச் சேவைகளைத் தொடங்கியது. அதன் வளர்ச்சியைக் கண்ட அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் களத்தில் இறங்கின. வெரைசான் நிறுவனம் 2011இல் டெர்ரிமார்க் என்னும் மேக நிறுவனத்தை 140 கோடி டாலருக்கு வாங்கியது. எதிர்பார்த்த வளர்ச்சி கிட்டாததால் 2017இல் தன் 29 தரவு மையங்களை ஈக்குவினிக்சு நிறுவனத்துக்கு 360 கோடி டாலருக்கு விற்றது. ஏடி அண்டு டி நிறுவனமும் 2018இல் தன் தரவு மையங்களை விற்பதாக அறிவித்தது.

இந்நிறுவனங்களிடம் வடத்துக்கோ கட்டடத்துக்கோ குறைவில்லை. மென்பொருள் உருவாக்குவோர் சில நிமிடங்களில் பதிவு செய்து, தாமே இயக்கிக் கொள்ளக்கூடிய எளிய கருவிகளை அமேசானைப் போல அவற்றால் வழங்க முடியவில்லை. வடம் வைத்திருப்பது மட்டுமே மேகச் சேவையில் வெற்றி தராது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இம்முறை பல நிறுவனங்கள் எச்சரிக்கையுடன் செயல்படுகின்றன. தென்கொரியாவின் எஸ்கே டெலிகாம், சிங்கப்பூரின் சிங்டெல் ஆகியவை பிற தொழில்நுட்ப நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து செயலி வாடகைச் சேவையை 2024இல் தொடங்கின. ஜெர்மனியின் டாய்ச்சு டெலிகாம் 2025 நவம்பரில் என்விடியா நிறுவனத்துடன் இணைந்து, மியூனிக் நகரில் சுமார் 100 கோடி யூரோ மதிப்பிலான தொழில்துறை மேகத்தை அறிவித்தது.

இந்தியாவில்

டாட்டா கம்யூனிகேசன்சு: இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிய அரசு நிறுவனமான விதேச சஞ்சார் நிகாமே 2002இல் டாட்டா குழுமத்திடம் சென்று, 2008இல் இப்பெயர் பெற்றது. 2023 செப்டம்பரில் என்விடியாவுடன் உடன்பாடு செய்துகொண்டது. 2025இல் 'வாயு' என்னும் பெயரில் மேகச் சேவையை வெளியிட்டது.

ஜியோ: 2024 ஆகஸ்டில் ரிலையன்சு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 'ஜியோ ஏஐ கிளவுட்' அறிவிக்கப்பட்டது. குசராத்தின் ஜாம்நகரில் பெரிய தரவு மையம் அமைக்கும் திட்டத்துடன் 'ரிலையன்சு இன்டெலிஜென்சு' என்னும் துணை நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

ஏர்டெல்: இதன் தரவு மையப் பிரிவான நெக்சுட்ராவுக்குச் சென்னையை அடுத்த சிறுசேரியிலும் மையம் உள்ளது. 2025 ஆகஸ்டில் எக்சுடெலிஃபை என்னும் பிரிவின் வழியே உள்நாட்டு மேகச் சேவையை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் சுமார் 1,500 கோடி டாலர் முதலீட்டில் செயற்கை நுண்ணறிவு மையம் அமைக்க இருப்பதாகக் கூகுள் அறிவித்தது. அத்திட்டத்தில் ஏர்டெல்லும் ஒரு பங்காளியாகும்.

இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம்: நடுவண் அமைச்சரவை 2024 மார்ச் 7 அன்று 10,371.92 கோடி ரூபாய் மதிப்பிலான இவ்வியக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்கீழ் 2025 சனவரியில் 18,693 செயலிகளை வழங்கப் பத்து நிறுவனங்கள் தேர்வாயின. அவற்றுள் ஜியோ பிளாட்பார்ம்சு, டாட்டா கம்யூனிகேசன்சு ஆகிய இரண்டும் அடங்கும். மாணவர்கள், ஆய்வாளர்கள், தொடக்கநிலை நிறுவனங்கள் ஆகியோருக்கு வாடகையில் 40 விழுக்காடு வரை அரசு மானியம் தருகிறது.

தமிழ்நாடும் விழுப்புரம் மாவட்டமும்

சென்னை கடலடி வடங்கள் கரையேறும் நகரமாக இருப்பதால், தரவு மையங்களுக்கு ஏற்ற இடமாக விளங்குகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ வடம் 2002இலும், டாட்டா குழுமத்தின் வடம் 2004இலும் பயன்பாட்டுக்கு வந்தன.

சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் திண்டிவனம், விழுப்புரம் வழியே செல்கின்றன. இருப்புப்பாதை ஓரங்களில் ஒளியிழை அமைக்கும் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல் 2000இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணி, பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடியில் கட்டப்பட்ட சிறு டைடல் பூங்கா 2024 பிப்ரவரி 17 அன்று திறக்கப்பட்டது.

இம்மாவட்டத்தில் மேகச் சேவையால் பயன்பெறக்கூடிய நிறுவனங்கள் பல உள்ளன. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை வகைகளின் பெயரில் வரும் 'டிஎம்வி' என்னும் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவையே. உழவர் அனுப்பும் இலைப் படத்தைப் பார்த்து நோயைத் தமிழில் சொல்லும் சேவைக்கு, இத்தகைய நிலையத்தின் பட்டறிவும் படத் தொகுப்பும் அடிப்படையாக அமையலாம். முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியைப் போன்ற இடங்களில் எக்சு-கதிர் படங்களை முதற்கட்டமாகப் பிரித்துப் பார்க்க இது உதவக்கூடும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள், தம் ஆய்வகத்தில் வாங்க இயலாத செயலிகளை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெற்றுப் பழகலாம்.

இதற்குத் தமிழ் மொழி வளங்கள் இன்றியமையாதவை. நடுவண் அரசின் 'பாஷினி' மொழித் திட்டமும், சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ4பாரத்' ஆய்வுக் குழுவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பேச்சு, மொழிபெயர்ப்பு மாதிரிகளை உருவாக்கியுள்ளன. இவற்றை வட்டார வழக்குக்கு ஏற்பப் பண்படுத்தி, சாதாரண கைப்பேசி அழைப்பிலேயே கிடைக்கச் செய்வது தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இயல்பாகக் கைவரக்கூடிய பணியாகும்.

வரவு செலவுக் கணக்கு

என்விடியாவின் எச்100 செயலி ஒன்றின் விலை 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அதை மணிக்கு 115 ரூபாய்க்கு வாடகைக்கு விடுவதாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆண்டு முழுவதும் ஓய்வின்றி வாடகைக்குப் போனால் வருவாய் சுமார் 10 லட்சம் ரூபாய். நேரத்தில் 40 விழுக்காடு மட்டுமே வாடகைக்குப் போனால் சுமார் 4 லட்சம் ரூபாய். முதல் நிலையில் செயலியின் விலை இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடும். இரண்டாம் நிலையில் ஐந்து ஆண்டுகள் ஆகும். மின்சாரம், குளிரூட்டல், கட்டடம், ஊழியர் ஊதியம் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

எச்100 அறிவிக்கப்பட்டது 2022இல். அதனினும் விரைவான பிளாக்வெல் வகை அறிவிக்கப்பட்டது 2024இல். புதியது வந்ததும் பழையதன் வாடகை குறையும். அறுவடைக் காலத்தில் வயல் கிடைக்காத இயந்திரம் உரிமையாளருக்குக் கடனாக முடிவது போல, வேலை கிடைக்காத செயலியும் நட்டமே. எனவே வாடிக்கையாளரை முதலில் உறுதி செய்துகொண்டு செயலி வாங்குவதும், செயலியை மட்டுமன்றி அதன்மேல் இயங்கும் சேவையையும் விற்பதும் நட்டத்தைக் குறைக்கும் வழிகளாகும்.

சிக்கல்கள்

மின்சாரமும் நீரும்: எட்டு எச்100 செயலிகள் கொண்ட ஒரு கணினி அதிக அளவாக 10.2 கிலோவாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. இது ஆறேழு வீட்டுக் குளிர்சாதனங்கள் ஒன்றாக ஓடுவதற்கு ஈடாகும். சில குளிரூட்டல் முறைகளுக்கு நீரும் பெருமளவில் தேவைப்படுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை நோக்க, இது எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய செய்தியன்று.

கடைசித் தொலைவு: 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. இத்தகைய நாள்களில் மின்சாரமும் வடமும் அறுந்தால், தொலைவிலுள்ள மேகச் சேவை எவ்வளவு பெரிதாயினும் பயன்படாது. மருத்துவமனை போன்ற இடங்கள் மேகத்தை நம்பும்போது மாற்று வடமும், இணையமின்றி இயங்கும் ஏற்பாடும் தேவை.

இணைய நடுநிலைமை: உள்ளடக்கத்தைப் பொறுத்து இணையக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று தடை செய்தது. அதன் பின்னர் 2018இல் நடுவண் அரசும் இணைய நடுநிலைமைக் கொள்கையை ஏற்றது. ஏர்டெல் 2025 சூலையில் பெர்பிளெக்சிட்டி புரோ சேவையை ஓராண்டுக்கும், ஜியோ அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் செமினி புரோ சேவையை 18 மாதங்களுக்கும் தம் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக அளிப்பதாக அறிவித்தன. இவை பயனருக்கு ஆதாயமே. ஆனால் சாலையின் உரிமையாளரே அதில் ஓடும் பேருந்தையும் நடத்தினால், பிறர் பேருந்துக்குச் சமமான வழி கிடைக்குமா என்னும் கேள்வி எழுகிறது. திருச்சிற்றம்பலம் பூங்காவில் ஒரு சிறு நிறுவனம் உருவாக்கும் தமிழ்ச் செயலியும் பெரு நிறுவனத்தின் செயலியும் ஒரே வேகத்தில், ஒரே கட்டணத்தில் பயனரை அடைவது இவ்விதிகள் தொடர்வதைப் பொறுத்தே அமையும்.